லூச்சி சுடுறப்போ நம்ம ஆளுங்க பண்ற தப்புங்க

லூச்சின்னா பெங்காலிக்காரங்க பூரி, அவ்வளவுதானேன்னு கோதுமை மாவுல தேய்ச்சு பொன்னிறமா சுட்டு எடுக்குறவங்கதான் ஜாஸ்தி. கொல்கத்தாவுல ஒரு வீட்டுல அதைக் கொண்டுபோய் வச்சா பூரி நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க, லூச்சின்னு ஒத்துக்க மாட்டாங்க. லூச்சிக்கு மைதாதான், நிறம் வெள்ளையா இருக்கணும், சிவந்துச்சுன்னா போச்சு. சர்க்கரை ஒரு சிட்டிகைக்கு மேல போட்டாலும் சிவந்துடும்.

பெரிய தப்பு நெய்ல கஞ்சத்தனம் பண்றது. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே உப்பும் நெய்யும் போட்டு மாவை நல்லா பிசறணும், 2 கப் மைதாவுக்கு 2 டேபிள்ஸ்பூன் நெய், கையில அள்ளி இறுக்கிப் பிடிச்சா உதிராம கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், நிக்கலைன்னா இன்னும் கொஞ்சம் விடுங்க. இதை அங்க மொயான்னு சொல்லுவாங்க. இது குறைஞ்சா ஆறினதும் இழுத்துத்தான் பிய்க்கணும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணில பிசைஞ்சு ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்க, அவசரப்பட்டா தேய்க்க தேய்க்க சுருங்கும்.

தேய்க்கிறப்போ ஒட்டாம இருக்க வறண்ட மாவு தொட்டுக்காதீங்க ப்ளீஸ். எண்ணெயில உதிர்ந்து கருகி அடுத்தடுத்து போடுறதுல எல்லாம் கரும்புள்ளியா ஒட்டும். பலகையில ரெண்டு சொட்டு எண்ணெய் தடவினா போதும். பொரிக்க நெய், இல்லன்னா வாசனை இல்லாத எண்ணெய். பெங்காலி சமையல்னாலே கடுகெண்ணெய்னு அதுல போடாதீங்க. எண்ணெய் நல்லா காஞ்சிருக்கணும், போட்டதும் கரண்டியால லேசா அமுக்கினா உப்பும், திருப்பிப் போட்டு உடனே எடுத்துடணும்.

உளுந்து பூரணம் வச்ச ராதாபல்லபி வேற, பச்சைப் பட்டாணி வச்ச குளிர்கால கொச்சுரி வேற, ரெண்டையும் லூச்சின்னு போட்டோ போடுறாங்க, என்னத்த சொல்ல.

தொட்டுக்க நம்ம பூரிக்குச் செய்யுற மஞ்சள் போட்ட உருளைக்கிழங்கு மசாலா வேண்டாம். கருஞ்சீரகமும் பச்சை மிளகாயும் தாளிச்சு மஞ்சள் போடாம செய்யுற வெள்ளை உருளைக்கிழங்குக் கறி, இல்லன்னா தேங்காய்ப் பல்லு போட்ட கடலைப்பருப்பு. மசாலாவோட நல்லா சுருள வதக்கின மட்டன் கொஷாவும் சூப்பர்தான், ஆனா துர்கா பூஜை அஷ்டமி அன்னிக்கு பெங்காலி ஃப்ரெண்டைக் கூப்பிட்டு அதை வச்சிடாதீங்க, அன்னிக்கு நிறைய வீட்டுல சோறே கிடையாது, வெங்காயம் பூண்டும் இல்லாம லூச்சிதான். மட்டன் மறுநாள் நவமிக்கு.