சேற்றுப் பாட்டிலில் நுண்ணுயிரிகளின் உணவு வழிகளைக் காண்பது எப்படி?

ஒரு நுண்ணுயிரி வளர்வதற்குக் கார்பனும் ஆற்றலும் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதை, நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கியின் முறைப்படி அமைத்த ஒரு சேற்றுப் பாட்டிலில் நேரடியாகவே காணலாம்.

உயரமான, நிறமற்ற பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, குளத்தின் அடிச்சேற்றுடன் ஒரு கைப்பிடி கிழித்த செய்தித்தாளையும் உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சத்தில் (கால்சியம் சல்ஃபேட்) ஒரு தேக்கரண்டியையும் பிசைந்து, மூன்றில் ஒரு பங்கு வரை காற்றுக்குமிழி தங்காமல் நிரப்புங்கள். அதன் மேல் வெறும் சேற்றையும், பிறகு குளத்து நீரையும் ஊற்றி, வாயைத் தளர்வாக மூடுங்கள். இறுக்கினால் உள்ளே உருவாகும் வாயு பாட்டிலை வெடிக்கச் செய்யலாம். வெளிச்சமான சன்னலருகே, நேரடி வெயில் படாமல், ஆறு முதல் எட்டு வாரங்கள் வையுங்கள். பொறுமைதான் இதில் கடினமான பகுதி.

அடியில் காகிதத்தின் செல்லுலோஸைச் சில பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்ய, அதில் விளையும் கரிம அமிலங்களைக் கொண்டு, ஜிப்சத்தின் சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் வாழ்ந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அது இரும்புடன் சேர்வதால் சேறு கறுக்கிறது. இதே வாயுவிலிருந்து எலக்ட்ரான்களையும் ஒளியிலிருந்து ஆற்றலையும் பெற்று, கார்பன் டை ஆக்சைடை உடலாக்கிக்கொள்பவையே பச்சை, ஊதாத் திட்டுகளாகத் தெரியும் கந்தக பாக்டீரியாக்கள். ஒளியே இன்றி, கந்தகச் சேர்மங்களை ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றல் பெறும் பெகியடோவா என்னும் பாக்டீரியாக்களை 1887இல் வினோகிராட்ஸ்கி விளக்கினார். அவை ஆக்சிஜனும் சல்ஃபைடும் சந்திக்கும் எல்லையில் வெண்ணிற இழைகளாகத் தோன்றலாம்.

இன்னொரு பாட்டிலைக் கறுப்புத் தாளால் சுற்றி வைத்தால், அதில் பச்சையும் ஊதாவும் தோன்றா. ஆனால் சேறு கறுக்கும்.