மட்டக்களப்பு வாவியில் கயாக்கும் தூண்டிலும்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

யூலை, ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் தூண்டில் கம்பையும் வைக்கலாமா என்று யோசித்தால், தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்தக் கரைக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த மாதங்களில் யாழ்ப்பாணத்தில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். கயாக் என்கிற சிறு படகில் துடுப்பு வலிப்பதற்கே தெம்பு போய்விடும். கிழக்குக் கடல் அப்போது எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடக்கும். புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது அதில்தான். அங்கே அப்போது வீசும் கச்சான், தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. கரையில் நின்று பார்த்தால் அலையே தெரியாது. கொஞ்சத் தூரம் உள்ளே போய்த் திரும்பும்போதுதான், வந்தது உங்கள் கைப்பலத்தில் இல்லை, காற்றின் தயவில் என்று விளங்கும். அதனால் முதல் பயணத்தில் கடலை விட்டுவிட்டு வாவியில் இறங்குங்கள் என்பதே என் கட்சி.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வந்தவர்கள் எல்லாரும் கல்லடிப் பாலத்தடியில்தான் நிற்பார்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் பக்கத்தில் புதுப் பாலமுமாகத் தூண்களுக்குக் குறைவில்லை. தூண் நிழலில் மீனும் நிற்கும். ஆனால் தூணில் ஒட்டியிருக்கிற சிப்பி கத்திபோல அறுக்கும், காற்றடைத்த கயாக்கைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வாவிக்குள்ளிருந்து எழும் ஓசையைத்தான் பாடும் மீன் என்பார்கள்; அதைக் கேட்க ஆசையென்றால் முழுநிலவு இரவில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வையுங்கள். அந்தக் காலத்துத் தோணிக்காரர் செய்த முறை அதுதான். மீன்பிடிக்கு அதிகாலை.

எனக்குப் பிடித்தது பாலம் அல்ல, கண்ணாக் காட்டு (சேற்றில் வேரூன்றி நிற்கும் அலையாத்திக் காடு) ஓரங்கள். இலங்கையில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இங்கே கடல்மட்ட அட்டவணையைப் பார்த்து நேரம் குறிப்பதைவிட, வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கேட்பதுதான் முக்கியம். மாரி மழையில் பாலமீன்மடுப் பக்கம் மணல்திட்டு உடைந்து வாவி கடலோடு சேரும். கோடையில் மணல் மூடிவிடும். திறந்திருக்கும் காலத்தில் நீரோட்டமும் மீனும் வாய்ப்பக்கம் திரளும். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்தபடி தூண்டில் எறிய அழகான இடம்தான். ஆனால் வெளியே இழுக்கிற ஓட்டத்தில் கயாக்கோடு மாட்டினால் நேரே அலை உடைகிற இடத்துக்குப் போவீர்கள். வாயை விட்டுத் தள்ளியே நில்லுங்கள்.

கொடுவாதான் இங்கே ராசா. வேரிடுக்கில் பதுங்கியிருந்து, எட்டுகிற தூரத்தில் வருவதை மட்டும் விழுங்குகிற மீன். ஆகவே பொய்யிரை வேரிலிருந்து ஒரு முழத்துக்குள் விழவேண்டும். இரண்டு முழம் தள்ளி விழுந்தால் அது அசையாது. 7 முதல் 10 கிராம் ஈயத்தலை வைத்த ரப்பர் இறாலை எறிந்து, அடியில் தொட்டதும் இரண்டு தடவை சுண்டி, சும்மா விடுங்கள். மீன் இரையைத் தட்டுவது அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில்தான். தட்டியதும் கயாக்கையே வேருக்குள் இழுக்கும். அதனால் ஆழமில்லாத இடத்தில் ஒரு கம்பைச் சேற்றில் ஊன்றிக் கயாக்கைக் கட்டிக்கொள்வது நல்லது. பின்னல் நூல் 30 இறாத்தல் தாங்குவது, இரை கட்டும் முன்நுனிக்கு 40 இறாத்தல் தாங்கும் தங்கூசி. கொடுவா ஆணாகத் தொடங்கி வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன்; பெரியது எல்லாம் முட்டை போடுகிற தாய். படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள், கறிக்குச் சின்னது போதும். செம்பல்லியும் சின்னப் பாரையும் அதே இரைக்கு வரும். ரப்பர் இறாலின் வால் அரைவட்டமாக நறுக்குண்டு வந்தால் அது பல்லால் வெட்டுகிற பேத்தை மீன். இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பை காலியாகிவிடும்.

இறகுகட்டிய பொய்யிரையான பிளை எறிய விரும்புகிறவர்களுக்கு 8ஆம் எண் பிளைக் கம்பும், கிளவுசர் என்கிற பிளை வகையில் வெள்ளை-பச்சை நாலைந்தும் போதும். உண்மையைச் சொன்னால், உட்கார்ந்தபடி எறியும்போது பின்வீச்சு தண்ணீரில் அடிக்கும். காற்று எழும்பினால் எல்லாம் முடிந்தது. விடிந்து முதல் ஒரு மணித்தியாலம் பாரைக் குஞ்சுக்குப் பிளை, பிறகு மற்றக் கம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி நின்று எறியலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சேற்றில் திருக்கை படுத்திருக்கும், வாவியில் முதலையும் உண்டு. பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவதும் கூடாது.

தோணிக்காரர் ஒருவர் “எங்க மனே போறீங்க?” என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். நீங்கள் போகிற பக்கம் யாருடைய வலை கிடக்கிறது, எங்கே முதலை படுக்கிறது எல்லாம் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் வரும். வெற்றுப் போத்தல் மிதந்தால் அடியில் வலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டில் வலையில் கொளுவினால் வலையை வெட்டாதீர்கள், உங்கள் நூலை வெட்டுங்கள். ஒருவரை ஒரு காலைக்குக் கூட்டிப்போனால் அவர் அன்றைய தொழிலை விட்டு வருகிறார் என்பதை நினைத்துக் காசு பேசுங்கள்.

திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: புறாத்தீவு கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போட முடியாது. துறைமுகத்துக்குள் கடற்படைத் தளம் இருக்கிறது. கயாக்கோடு உள்ளே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். டிசெம்பரில் வாடையும் வெள்ளமுமாக இருக்கும், அப்போது கம்பைக் கொண்டுபோவதே வீண்.

பெட்டி கட்டும்போது நாலு துண்டாகக் கழற்றுகிற கம்பு வாங்குங்கள். கொளுக்கிகள் எல்லாம் பெரிய பெட்டிக்குள், மின்கலங்கள் கைப்பைக்குள். வாயுக் குப்பி வைத்த உயிர்காப்பு அங்கிக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும், சாதாரண நுரை அங்கி தொல்லையில்லாதது. ட்ரோனுக்கு அங்கே தனி அனுமதி எடுக்கவேண்டும். மூன்று முள் கொளுக்கிகளைக் கழற்றி ஒற்றைக் கொளுக்கி போட்டு, அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது. திருக்கையோ கெளிறோ குத்தினால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இலவச அம்புலன்சுக்கு எண் 1990.