கூட்டுக் குடியிருப்புக்கு மண்டல அனுமதி பெறுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சில குடும்பங்கள் தத்தம் தனி வீடுகளில் வாழ்ந்துகொண்டே சமையற்கூடம், தோட்டம், பட்டறை, விளையாட்டிடம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் குடியமைப்பே கோஹவுசிங் எனப்படும் கூட்டுக் குடியிருப்பு. டென்மார்க்கில் 1972இல் குடும்பங்கள் குடிபுகுந்த சேட்டெடாமென் என்னும் குடியிருப்பு இதன் முன்னோடிகளில் ஒன்று. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991இல் 26 வீடுகளுடன் மியூர் காமன்ஸ் எழுந்தது. இத்தனை ஆண்டுகள் கடந்தும், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுக்கும் மண்டல விதிகளில், பெரும்பாலான ஊர்களில் இந்த அமைப்புக்குத் தனியிடம் கிடையாது. விதிகளுக்குத் தனி வீடு தெரியும், அடுக்குமாடி தெரியும், சமுதாயக் கூடம் தெரியும். மூன்றின் இயல்பும் கலந்த ஒன்றைத் தெரியாது. எனவே, இருக்கும் வகைகளுக்குள் உங்கள் திட்டம் எங்கே பொருந்துகிறது என்பதை அதிகாரிக்கு ஐயமின்றி விளங்கும்படி எழுதிக் காட்டுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

படி 1: கிரயத்துக்கு முன் விதியைப் படியுங்கள்

நிலத்தைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடும் ஆர்வத்தைக் கட்டாயம் அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த நிலம் எந்த மண்டலத்தில் உள்ளது என்பதை மண்டல வரைபடத்தில் பார்த்து, அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள், ஒரு வீட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச நிலப்பரப்பு, எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, உயர வரம்பு, வாகன நிறுத்த எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மீது ஆசை மிகுந்தால், மண்டல அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம் முடியும் என்ற நிபந்தனையுடன் விற்பனை ஒப்பந்தம் போடுங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால், வேறு நிலம் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவாக நான்கு வழிகள் உள்ளன. திட்டம் விதிகளுக்கு முழுவதும் உட்பட்டிருந்தால் நேரடி அனுமதி போதும். குறிப்பிட்ட பயன்பாட்டைச் சில கட்டுப்பாடுகளுடன் ஏற்கலாம் என்று விதியே சொல்லியிருந்தால், நிபந்தனையுடன் கூடிய அனுமதி கேட்கலாம். நிலத்தின் வடிவம், சரிவு போன்ற தனிப்பட்ட இடர்ப்பாட்டால் ஏதேனும் ஓர் அளவைப் பின்பற்ற முடியாதபோது விதித்தளர்வு கேட்கலாம்; ஆனால் “எங்களுக்கு இப்படித்தான் பிடிக்கும்” என்பது இடர்ப்பாடு ஆகாது. நான்காவது, நிலத்தின் வகைப்பாட்டையே மாற்றக் கோருவது.

இவற்றுள் கூட்டுக் குடியிருப்புக்கு மிகவும் ஏற்றது, அமெரிக்க ஊர்களில் பரவலாக உள்ள ‘திட்டமிட்ட கூறு வளர்ச்சி’ என்னும் முறை. இது பல இடங்களில் வகைப்பாட்டு மாற்றமாகவும், சில இடங்களில் நிபந்தனை அனுமதியாகவும் நடத்தப்படுகிறது. இதில் வீடுகளின் எண்ணிக்கை மனைதோறும் கணக்கிடப்படாமல் முழு நிலத்துக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும். 2 ஹெக்டேர் நிலத்தில், 1,000 சதுர மீட்டருக்கு ஒரு வீடு என்பது விதி என்று கொள்வோம். தனி மனைகளாகப் பிரித்தால் சாலைக்கு ஐந்தில் ஒரு பங்கு போய், 16 மனைகளே மிஞ்சும். முழு நிலத்தையும் கணக்கில் கொண்டால் 20 வீடுகள் வரும். அவற்றை 8,000 சதுர மீட்டருக்குள் நெருக்கமாக அமைத்துவிட்டு, 12,000 சதுர மீட்டரைத் திறந்தவெளியாக விட்டுவிடலாம். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் வரைந்து கொடுங்கள். அதிகாரிக்கும் அண்டை வீட்டாருக்கும் அது ஒருசேர விளங்கும்.

படி 3: விண்ணப்பத்துக்கு முன் அலுவலகத்தைச் சந்தியுங்கள்

பல நகரமைப்புத் திட்ட அலுவலகங்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் நடத்துகின்றன. கட்டடக் கலைஞரின் முழு வரைபடத்துடன் செல்லாமல், தோராயமான மனைப்படத்துடன் செல்லுங்கள். மாற்றத்துக்கு இடம் இருக்கும்போது கேட்ட கேள்விக்குத்தான் மனந்திறந்த பதில் கிடைக்கும். கூட்டம் முடிந்ததும், பேசியவற்றை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தக் கேளுங்கள்.

அங்கே பெரும்பாலும் சிக்கல் எழுவது பொதுக்கூடத்தின் சமையலறையைப் பற்றித்தான். பெரிய அடுப்புகளையும் நீண்ட மேசைகளையும் வரைபடத்தில் பார்க்கும் அதிகாரி அதை உணவகமாகவோ வாடகை மண்டபமாகவோ கருதிவிட்டால், வணிகப் பயன்பாட்டு விதிகளும் கூடுதல் வாகன நிறுத்தமும் வந்து சேரும். இதைத் தடுக்க, விண்ணப்பத்திலேயே இப்படி ஒரு பத்தி எழுதுங்கள்: “பொதுக்கூடம் இக்குடியிருப்பின் துணைப் பயன்பாடு ஆகும். குடியிருப்போரும் அவர்களுடைய விருந்தினரும் மட்டுமே இதைப் பயன்படுத்துவர். உணவு விற்பனையோ வெளியாருக்கு வாடகைக்கு விடுதலோ இங்கு நடைபெறாது. ஒவ்வொரு வீட்டிலும் முழுமையான தனிச் சமையலறை உண்டு.” கடைசி வாக்கியம் மிகவும் முக்கியமானது. அது இல்லாவிட்டால், முழுத் திட்டமும் விடுதி என்ற வகைக்குள் தள்ளப்பட வாய்ப்புண்டு.

படி 4: வாகனமும் தீயணைப்பும்

கார்களை எல்லையோரம் நிறுத்திவிட்டு உள்ளே நடந்து செல்வது கூட்டுக் குடியிருப்பின் அழகு. ஆனால் விதி, வீட்டுக்கு 2 இடங்கள் வீதம் வீட்டுவாசலிலேயே கேட்கக்கூடும். எண்ணிக்கையைக் குறைக்கக் கேட்கும்போது, உறுப்பினர்களிடம் இப்போது உள்ள கார்களின் கணக்கையும், குறைக்கப்படும் இடத்தைப் புல்வெளியாக வைத்திருந்து பின்னால் தேவைப்பட்டால் நிறுத்துமிடமாக மாற்றித் தருவோம் என்ற உறுதிமொழியையும் இணையுங்கள். தீயணைப்புத் துறையைத் தனியாக முன்கூட்டியே சந்தியுங்கள். நடைபாதை என்று நீங்கள் வரைந்தது தீயணைப்பு வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். பல ஊர்களில் ஏறக்குறைய 6 மீட்டர் அகலமும், வண்டி திரும்ப இடமும் கேட்பார்கள்.

படி 5: அக்கம்பக்கத்தாரிடம் நீங்களே முதலில் செல்லுங்கள்

அலுவலகத்தின் அறிவிப்புக் கடிதம் மூலம் அவர்கள் செய்தி அறிவதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரிய கூட்டம் கூட்டினால் அச்சம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். நான்கைந்து வீட்டாராகச் சந்தித்தால் உரையாடல் நடக்கும். போக்குவரத்து, இரைச்சல், மழைநீர் வடிகால், சொத்து மதிப்பு ஆகியவையே அவர்களுடைய கவலைகளாக இருக்கும். அவை நியாயமானவை. ஒரு வீட்டின் சன்னல் அடுத்தவர் தோட்டத்தைப் பார்க்கிறது என்றால், சன்னலை மாற்றுங்கள்; மாற்றியதை வரைபடத்தில் காட்டுங்கள். ஆதரிப்பவர்களிடம் அலுவலகத்துக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதித் தருமாறு கேட்கத் தயங்க வேண்டாம்.

படி 6: பொது விசாரணை

உங்கள் விண்ணப்பத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு குழு கேட்டு முடிவெடுப்பதே பொது விசாரணை. அதற்கு முன்பு அலுவலர்கள் தங்கள் பரிந்துரை அறிக்கையை வெளியிடுவார்கள். அதில் முன்மொழியப்பட்ட நிபந்தனைகளைக் குழுவாக அமர்ந்து வரிவரியாகப் படித்து, ஏற்க முடியாதவற்றுக்கு மாற்று வாசகத்தை எழுத்தில் முன்கூட்டியே கொடுங்கள். பேசுவோருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால் ஒருவர் நிலக்கணக்கு, ஒருவர் வாகனம், ஒருவர் பொதுக்கூடம் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டு வாழ்வின் மேன்மையைப் பேச மனம் துடிக்கும். ஆயினும் விசாரணைக் குழுவினர் தீர்ப்பளிப்பது விதியில் எழுதப்பட்ட அளவுகோல்களின்படியே என்பதால், ஒவ்வொரு அளவுகோலையும் திட்டம் எவ்வாறு நிறைவுசெய்கிறது என்றே பேசுங்கள்.

படி 7: ஆணை கைக்கு வந்தபின்

மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை கிரயத்தையும் கட்டுமான ஒப்பந்தத்தையும் இறுதிசெய்யாதீர்கள். மண்டல அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு; இரண்டாவதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஆணையில் காலாவதி நாள் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் பணி தொடங்காது என்று தோன்றினால், நாள் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். வீட்டெண்ணிக்கையையோ பொதுக்கூடத்தின் அளவையோ பின்னர் மாற்ற நினைத்தால், அது சிறு திருத்தமா அல்லது மறுபடியும் விசாரணைக்குப் போக வேண்டியதா என்பதைக் கட்டட வரைபடம் தயாராகும் முன்பே அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.