பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இழுக்கிறதா? மாற்றும் முன் சி7-ஐப் பாருங்கள்

சோமனூர் பக்கம் என் மாமாவின் தறிக் குடோனில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. பாவு வரவு, துணி டெலிவரி, கூலி பில், ஜிஎஸ்டி என்று எல்லாக் கணக்கும் அதில்தான். போன மாதம் டேலி திறக்கவே நாலு நிமிடம் ஆக, கடையில் காட்டியிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "மாப்ள, புதுசே வாங்கிப் போட்டரலாமா, என்னங்கறீங்க?" என்று கேட்டார். ஒரு நாள் பொறுங்க மாமா என்று சொல்லிவிட்டுப் பொழுதோட போய் உட்கார்ந்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, கெட்டிருந்தது நூறு ரூபாய் கேபிள். அதைக் காட்டிக்கொடுத்தது, டிஸ்க் தன்னைப் பற்றி எழுதி வைக்கும் கணக்கில் சி7 என்ற வரிசை. அதைக் கண்டுபிடித்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வேலை, காப்பி

எதையும் தொடுவதற்கு முன்னால் டேலி டேட்டா, பில், போட்டோ எல்லாவற்றையும் பென் டிரைவிலோ வேறு டிஸ்கிலோ எடுத்து வைத்துவிடுங்கள். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, ராத்திரி முழுக்க ஓடட்டும். இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

டிஸ்க்தானா என்று பாருங்கள்

டாஸ்க் மேனேஜரில் பர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் என்று நிற்பதை மட்டும் பார்த்தால் போதாது. விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ ஓடினாலும் பழைய டிஸ்க் 100-ஐத் தொடும். அதன் கீழே இருக்கும் படிக்கும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் (7200 ஆர்பிஎம்) நல்ல டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவுக்குக் கொடுக்க வேண்டும். மாமாவுடையது 100 சதவீதத்தில் நின்றுகொண்டு 6 எம்பி கொடுத்தது. அப்டேட்டும் ஸ்கேனும் ஓடாதபோதும் உழைக்கிறது, ஆனால் வேலை நகரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சாஃப்ட்வேரில் இல்லை. பொடிப்பொடி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நல்ல டிஸ்கும் திணறும் என்பதால் சோதனைக்கு ஒரு வீடியோ ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத ஜிப் பதிப்புதான் என் விருப்பம், பென் டிரைவிலிருந்தே ஓடும். "பிசி வேகமாகும்" என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர், கிளீனர் எதையும் தயவுசெய்து போடாதீர்கள். இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்கின் தலையில் அது இன்னொரு சுமை.

திறந்ததும் நீல நிறத்தில் குட் என்று வந்தது. சரி, டிஸ்கில் ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டு, ஒரு முழு நாளை ஸ்டார்ட்அப் புரோகிராம்களை நிறுத்துவதில் கழித்தேன். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த குட் என்ற சொல் கீழே இருக்கும் பட்டியலில் முக்கியமாக 05, சி5, சி6 வரிசைகளைப் பார்த்துச் சொல்வது. இவை டிஸ்கின் தட்டில் கெட்டுப்போன இடங்களைக் குறிப்பவை. சி7 என்ற வரிசை வேறு ஜாதி. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் டேட்டா வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் பொருந்தாமல் போய், திரும்ப அனுப்பப்பட்ட தடவைகளின் எண்ணிக்கை அது. அது எவ்வளவு ஏறினாலும் மேலே நீலம் நீலமாகவே இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், அந்தப் பட்டியலின் கடைசி நெடுவரிசையில் இருக்கும் எண்கள் பதினாறடிமான எண்கள், அதாவது 0 முதல் 9 வரையும் அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரையும் வைத்து எழுதுபவை. மாமாவின் டிஸ்கில் சி7-க்கு நேராக 00000000012சி என்று இருந்தது, நான் அதை ஏதோ கோட் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஃபங்ஷன் மெனு, அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 டெக் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது 300 என்று தெரிந்தது.

300 என்பதை வைத்தும் உடனே முடிவு கட்டக் கூடாது. சி7 வாழ்நாள் கணக்கு, கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. நாலு வருஷத்துக்கு முன் நடந்த கோளாறாகக்கூட இருக்கலாம். அதனால் எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, ஒரு நாள் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எங்களுக்கு அடுத்த நாள் 341. ஏறிக்கொண்டே இருக்கிறது, அப்படியானால் கோளாறு இப்போதும் நடக்கிறது.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பாருங்கள். ஈவென்ட் எண் 129 என்றால் பதில் வராததால் டிஸ்க் ரீசெட் செய்யப்பட்டது, 153 என்றால் கேட்டதையே திரும்பக் கேட்க வேண்டியிருந்தது, டிஸ்க் என்ற பெயரில் 7 வந்தால் கெட்ட பிளாக்.

கேபிள்

ஆஃப் செய்து, பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். தறிக் குடோனில் பஞ்சு தலையணை அளவுக்கு வரும். வாயால் ஊதாமல் பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாக எடுங்கள். டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய சாட்டா கேபிளைக் கழற்றி, இரண்டு முனையிலும் இரும்புக் கிளிப் இருக்கும் புதுக் கேபிளைப் போடுங்கள். கிளிப் இல்லாததை நான் வாங்கவே மாட்டேன், நாள் முழுக்கத் தறி அதிரும் இடத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கும் மாற்றிவிடுங்கள், பவர் கனெக்டரையும் ஒரு தடவை கழற்றி அழுத்திச் செருகுங்கள்.

மாற்றியதும் அதே வீடியோ ஃபைல் 90 எம்பி வேகத்தில் போனது. ஒரு வாரம் கழித்தும் சி7 341-லேயே நின்றது.

சி5 அல்லது 05 ஏறியிருந்தால்

கேபிளை மாற்றிப் பயனில்லை, தட்டே கெடுகிறது. முழு டிஸ்கையும் தேடித் திருத்தும் நீண்ட ஸ்கேன்களை ஓட்டாதீர்கள், சாகப்போகும் டிஸ்கை அது இன்னும் உழைக்க வைக்கும். டேட்டாவை எடுத்துவிட்டு, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்குங்கள். மாமாவுடையது போன்ற எச்61 மதர்போர்டில் சாட்டா 2 என்ற பழைய, மெதுவான இணைப்பு மட்டும்தான், 500 எம்பி என்று அட்டையில் போட்டிருக்கும் எஸ்எஸ்டி அங்கே பாதி வேகம்தான் தரும். ஆனாலும் வாங்கலாம், பொடி ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் அதன் அருமை தெரியும். சிதறிய ஃபைல் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் டீஃப்ராக் பழைய சுழலும் டிஸ்குக்கு மட்டுமே.

பிறகு சேர்த்தது

கோபியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார், லேப்டாப்பில் கேபிளே இல்லையே என்று. பல மாடல்களில் டிஸ்க் நேராகச் செருகப்பட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு டிஸ்கை எடுத்துத் திரும்ப அழுத்திச் செருகுங்கள், சில மாடல்களில் இருக்கும் சின்னப் பட்டைக் கேபிளையும் பாருங்கள்.

இன்னொருவர் எஸ்எஸ்டி போட்ட கையோடு பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் செட்டிங் பக்கம்) டிஸ்கோடு பேசும் முறையை, பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஹெச்சிஐ ஆக்கியிருக்கிறார், நீலத்திரை வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. திரும்ப ஐடிஇ வைத்தால் விண்டோஸ் ஏறும். பிறகு சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். சேஃப் மோடில் ஏறியதும் அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் இப்படிச் செய்து அவருக்குச் சரியாகிவிட்டது.