சட்ட மாணவருக்கான வணிகப் பாடநெறி: கற்றற்பேறுகளை எழுதும் முறை

"வணிகக் கணக்கியலை விளங்கிக்கொள்வார்" என்று பாடநெறியில் எழுதிவிட்டால் எதையும் சோதிக்க முடியாது. கற்றற்பேறு என்பது பாடநெறி முடிவில் மாணவர் எதைச் செய்வார் என்று சொல்லும் வாக்கியம்; அதிலுள்ள வினைச்சொல் கண்ணுக்குத் தெரியும் செயலாக இருக்க வேண்டும்: கணிப்பார், வரைவார், பிழையைச் சுட்டுவார், ஆலோசனை எழுதுவார்.

முதலில் பரீட்சை வினாவை எழுதுங்கள், பேற்றைப் பிறகு எழுதலாம். உதாரணமாக, கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் சொத்து 80 மில்லியன் ரூபாய், பொறுப்பு 50 மில்லியன், கூறப்பட்ட மூலதனம் (பங்குகளை வழங்கிப் பெற்ற தொகை) 20 மில்லியன். பணிப்பாளர் சபை 15 மில்லியன் பங்கிலாபம் கொடுக்க விரும்புகிறது. கொடுக்கலாமா?

சொத்து 80, பொறுப்பும் மூலதனமும் சேர்ந்த 70ஐ விடக் கூட என்று பார்த்து "கொடுக்கலாம்" என்பார்கள் பலர். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கேட்பது கொடுத்த பிறகுள்ள நிலையை. அப்போது சொத்து 65தான். பொறுப்பும் மூலதனமும் சேர்ந்தால் 70. கடன் தீர்க்கும் திறன் சோதனையில் கம்பனி தேறாது. தொகை சரியாக வந்தாலும் வேலை முடியாது: கடன்களைத் தவணைக்குக் கட்டக் காசு வருமா என்பது சோதனையின் மற்றப் பாதி, மாணவர் அதிகம் மறப்பதும் இதைத்தான். கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும்.

இந்த வினாவிலிருந்து பேறு தானாக வரும்: "தரப்பட்ட ஐந்தொகையையும் காசுப்பாய்ச்சல் மதிப்பீட்டையும் கொண்டு, உத்தேசப் பங்கிலாபம் 56ஆம், 57ஆம் பிரிவுகளுக்கு அமையுமா எனக் கணித்து, பணிப்பாளர் சபைக்கு ஒரு பக்க ஆலோசனை எழுதுவார்." என்ன தரப்படும், என்ன செய்வார், எந்த அளவுக்கு என்ற மூன்றும் இதில் உண்டு.

3 திறமைப்புள்ளி (credit) கொண்ட பாடநெறிக்கு இப்படி ஐந்து, ஆறு பேறுகள் போதும். புள்ளி ஒன்றுக்கு 50 மணி நேரக் கற்றல் என்பதால் மொத்தம் 150 மணி நேரம். பன்னிரண்டு பேறுகளை அதற்குள் திணித்தால் கணக்குப் பார்க்கும் பயிற்சிதான் முதலில் வெட்டுப்படும். சட்ட மாணவருக்கு அதிகம் தேவைப்படுவதும் அதுதான்.

மொழியையும் பேற்றிலேயே சொல்லிவிடுங்கள். கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் பயிலுநராகப் போகிறவரின் கைக்கு வரும் கம்பனி ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கில ஐந்தொகையைக் கொடுத்துத் தமிழில் ஆலோசனை எழுதச் சொல்லலாம். அதற்கான சொற்பட்டியலை முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும்.

எழுதி முடித்ததும், இந்தப் பாடம் நடத்தாத ஒரு விரிவுரையாளரிடம் பேற்றை மட்டும் காட்டி ஒரு வினா எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வினாவுக்குக் கிட்டவும் வராவிட்டால், வினைச்சொல்லை மாற்றுங்கள்.