ஒரே ஒரு கூர்விளக்கு போதும்: 1930களின் ஹாலிவுட் உருவப்படத்தை வீட்டில் எடுக்கும் முறை

கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டுவிட்டால் பழைய ஹாலிவுட் படம் வந்துவிடும் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். வராது. அக்கால நட்சத்திரங்களான கிரேட்டா கார்போவின் கன்னத்திலும் மார்லீன் டீட்ரிச்சின் இமையிலும் நாம் பார்த்து மயங்குவது நிழலைத்தான். அந்த நிழல் தானாக விழுந்ததல்ல. ஒருவர் விளக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்தி அதை அந்த இடத்தில் விழவைத்திருக்கிறார்.

அப்படி விழவைத்தவர்களில் என் ஆதர்சம் ஒளிப்படக் கலைஞர் ஜார்ஜ் ஹரெல். 1930இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் உருவப்படப் பிரிவுக்குத் தலைமையேற்றார். இரண்டே ஆண்டில் வெளியேறி, சன்செட் பூல்வார்ட் சாலையில் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். நோர்மா ஷியரர், ஜோன் கிராஃபோர்ட், ஜீன் ஹார்லோ என்று அவர் எடுத்த முகங்களைப் பார்த்துப் பார்த்து, வீட்டு அறையில் கைபேசியை வைத்துக்கொண்டு நான் கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முக்காலியில் கைபேசியைப் பொருத்துவது, டைமர் வைப்பது போன்றவை தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: விளக்கு

இன்றைக்கு உருவப்படம் என்றாலே குடை, சாஃப்ட்பாக்ஸ், ரிங் லைட் என்று மென்மையான வெளிச்சத்தைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். இந்தப் பாணிக்கு அவை எதுவும் வேண்டாம். ரிங் லைட் அறவே வேண்டாம். முகத்தில் உள்ள எல்லா நிழலையும் அது துடைத்துவிடுகிறது. வெளிச்சம் புறப்படும் இடம் எவ்வளவு சிறியதோ, நிழலின் விளிம்பு அவ்வளவு கூர்மை. ஹாலிவுட்டில் இதற்கென்று ஃப்ரெனெல் கண்ணாடி பொருத்திய விளக்குகள் இருந்தன. கலங்கரை விளக்கத்துக்காகப் பிரெஞ்சுக்காரர் ஒகுஸ்தென் ஃப்ரெனெல் வடிவமைத்த அதே வளையம் வளையமான கண்ணாடிதான். 1,000 வாட் விளக்குக்கு பேபி என்றும், 2,000 வாட்டுக்கு ஜூனியர் என்றும், 5,000 வாட்டுக்கு சீனியர் என்றும் பெயர்.

வீட்டுக்கு ஜூம் டார்ச் போதும். முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்ச வட்டம் குறுகி, தள்ளினால் விரியுமே, அந்த வகை. முழுதாகக் குறுக்கிவிட்டால் உள்ளிருக்கும் எல்.இ.டி. சில்லின் சதுர உருவமே சுவரில் விழும். அதைச் சற்றுத் தளர்த்தி, சீரான வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க மனமிருந்தால், ஃப்ரெனெல் மாட்டக்கூடிய சிறிய எல்.இ.டி. விளக்கு வாங்கலாம். ஆனால் முதல் படங்களை டார்ச்சிலேயே எடுங்கள். ஹாலஜன் விளக்கும் நல்ல வெளிச்சம் தரும். ஒன்று மட்டும், அதைச் சுற்றித் தாளோ துணியோ கட்டவே கூடாது. பற்றிக்கொள்ளும்.

படி 2: அறை

இரவில் எடுங்கள். டியூப் லைட், ஜன்னல், தொலைக்காட்சி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். உட்காருபவருக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 5 அடி இடைவெளி விடுங்கள். ஒட்டி உட்கார்ந்தால் தலையின் நிழல் சுவரில் விழுந்து, படம் அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல ஆகிவிடும்.

படி 3: மூக்கின் நிழல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். நான் அதிக நேரம் செலவிட்டதும் இங்கேதான்.

விளக்கை முகத்துக்கு நேர் எதிரே, கேமராவுக்கு மேலே, 4 அல்லது 5 அடி தூரத்தில் பிடியுங்கள். உட்காருபவரின் கண்மட்டத்தில் தொடங்கி மெல்ல உயர்த்துங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள்; மூக்கின் அடியை மட்டும் பாருங்கள். முதலில் நிழலே இருக்காது. ஓர் உயரத்தில் மூக்கின் கீழே சிறு கறுப்புத் தீற்றல் தோன்றும். இன்னும் உயர்த்தினால் அது இரு பக்கமும் சிறகு விரித்து, வண்ணத்துப்பூச்சி வடிவில் மேலுதட்டை நோக்கி இறங்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவழியில் அது வந்து நிற்கும்போது கையை நிறுத்துங்கள். உதட்டைத் தொட்டுவிட்டால் மீசை வரைந்ததுபோல ஆகிவிடும்.

இதற்குப் பட்டர்ஃப்ளை லைட்டிங் என்று பெயர். பாரமவுன்ட் லைட்டிங் என்றும் சொல்வார்கள். பாரமவுன்ட் நிறுவனத்தில் இயக்குநர் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க், டீட்ரிச்சின் முகத்துக்கு இந்த வெளிச்சத்தை விடாமல் கையாண்டார். கன்ன எலும்பு மேலெழுந்து, அதன் கீழே குழி விழுந்தது போன்ற அந்தத் தோற்றம் விளக்கின் உயரத்தால் வந்தது.

எல்லா முகத்துக்கும் ஒரே உயரம் கிடையாது. வட்ட முகத்துக்கு விளக்கு இன்னும் சற்று மேலே போகலாம். கன்னத்தின் கீழ் நிழல் கூடி முகம் செதுக்கியதுபோல் தெரியும். ஒடுங்கிய முகத்துக்குக் கீழே இறக்க வேண்டும். கண் ஆழமாக உள்ளவர்களுக்கு, மூக்கின் நிழல் சரியாக அமையும்போதே புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். அப்போது விளக்கைத் தொடாமல், மோவாயை ஒரு விரற்கடை உயர்த்தச் சொல்லுங்கள். கருவிழியின் மேற்பாதியில் ஒரு வெண்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண்ணுக்கு உயிரில்லை.

உட்காருபவருக்குத் தன் முகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடியை வையுங்கள். டீட்ரிச் படப்பிடிப்பில் கேமரா அருகே ஆளுயரக் கண்ணாடி வைத்துத் தன் வெளிச்சத்தைத் தானே சரிபார்த்துக்கொள்வார். மூக்கின் நிழலைத் தானே பார்த்துவிட்டால், நீங்கள் பத்து முறை சொல்ல வேண்டிய திருத்தத்தை எதிரே இருப்பவர் தாமாகவே செய்துகொள்வார்.

பொறுமையாக உட்கார ஆள் கிடைக்கவில்லையென்றால் சிலையில் பழகுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்ப் படங்கள் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும் 1945இல் வெளியான ‘மீரா’வுக்காக இதைத்தான் செய்தார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து, அதன்மீது விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார்கள். அந்தப் படத்தின் அண்மைக் காட்சிகளை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். மூக்கு தெளிவாக உள்ள கொலு பொம்மைகூட இந்தப் பயிற்சிக்குப் போதும்.

படி 4: தெர்மாகோல்

நிழல் மிகவும் கறுத்துவிட்டால், மடிமீது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். மோவாயின் கீழ்ப்பகுதி சற்றுத் தெளியும். மூக்கின் நிழல் காணாமல் போகும் அளவுக்கு அதை அருகில் கொண்டுவராதீர்கள். நான் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை. எனக்குக் கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும்.

படி 5: கூந்தல்

இரண்டாவது டார்ச் இருந்தால், பின்னாலிருக்கும் பீரோவின் மேல் வைத்து, தலையையும் தோளையும் நோக்கித் திருப்புங்கள். ஹரெல் இதற்காகவே, ஒலிவாங்கியைத் தொங்கவிடும் நீண்ட கம்பத்தைப்போல ஒன்றில் விளக்கைக் கட்டித் தலைக்கு மேலே கொண்டுவந்தார். ஜீன் ஹார்லோவின் பிளாட்டின நிறக் கூந்தல் சிறு வெளிச்சத்திலேயே ஒளிரும். நம் கருங்கூந்தல் வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதால் இந்த விளக்கு முன்விளக்கைவிடப் பிரகாசமாகவோ அருகிலோ இருக்க வேண்டும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை இதற்கு மிகவும் ஏற்றது, அலையலையாக மினுங்கும். டார்ச்சின் முனையில் கறுப்புச் சார்ட் அட்டையைக் குழாயாகச் சுற்றிவிட்டால், கேமராவுக்குள் வெளிச்சம் பாயாது. இது எல்.இ.டி. டார்ச்சுக்கு மட்டும்.

படி 6: முகமும் உடையும்

பவுடர் வேண்டாம். ஹரெல் தம் நட்சத்திரங்களைக் கனமான முகப்பூச்சு இல்லாமல் உட்காரவைப்பதையே விரும்பினார். தோலின் மினுமினுப்புதான் அவருக்கு மூலப்பொருள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தேய்த்து, கன்ன எலும்பிலும் இமைமீதும் மட்டும் ஒற்றுங்கள். மாநிறத்திலும் கருநிறத்திலும் இந்த ஒளிக்கீற்று வெளிர்நிறத்தில் விழுவதைவிட அழகாக எழுந்து நிற்கும். எடிட்டிங்கில் அந்த நிறத்தை வெளுக்கச் செய்யாதீர்கள். உடைக்கு சாட்டின், அல்லது சரிகை குறைவான பட்டு. பருத்தித் துணி வெளிச்சத்தைத் திருப்பித் தராது.

படி 7: கைபேசி

அழகூட்டும் வசதிகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். அகலக் கோண லென்ஸை அருகில் கொண்டுபோனால் மூக்கு பருத்துவிடும். திரையில் கன்னத்தின் மிக வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள்.

படி 8: கறுப்பு வெள்ளை

நான் பரிந்துரைப்பது ஸ்னாப்சீட் என்ற கைபேசிச் செயலி. இலவசம், அதோடு அதன் கறுப்பு வெள்ளைக் கருவியில் வண்ண வடிகட்டிகள் உண்டு. சிவப்பைத் தேர்ந்தால் தோல் மாசுமருவின்றி வெளிறும். ஆனால் உதட்டுச்சாயமும் குங்குமப் பொட்டும் சேர்ந்து மறைந்துபோகும். பச்சையைத் தேர்ந்தால் இரண்டும் ஆழ்ந்த கறுப்பாகத் திரும்பி வரும். 1920களின் பிற்பகுதி வரை பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. பேசாப்பட நாயகிகளின் உதடு அப்படி மை பூசியதுபோல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1930களின் தோற்றத்துக்கு நான் ஆரஞ்சைத்தான் வைக்கிறேன். பொட்டு இருந்தால் பச்சை. பிறகு தூரிகைக் கருவியின் டாட்ஜ் அண்ட் பர்னில் கன்னத்தின் ஒளியை ஓர் இழை கூட்டி, படத்தின் ஓரங்களை இருட்டாக்குங்கள். அன்றைக்கு இந்த வேலை 8×10 அங்குல நெகட்டிவின்மீதே பென்சிலால் மணிக்கணக்கில் நடந்தது.

பின்சேர்க்கை: செய்துபார்த்தவர்கள் கேட்டவை

படத்தில் குறுக்குக் கோடுகள் விழுகின்றன என்று பலர் எழுதினார்கள். வீட்டு மின்சாரத்தில் எரியும் மலிவான எல்.இ.டி. பல்பு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடி என்று வையுங்கள். டார்ச் என்றால் முழுப் பிரகாசத்தில் எரியவிடுங்கள். மங்கலான நிலையில் சில டார்ச்சுகளும் துடிக்கும்.

மூக்குத்தி பளிச்சென்று தெறித்து நிழலைக் கெடுத்தால், முகத்தை மறுபக்கம் நூலளவு திருப்பினால் போதும். மூக்குக் கண்ணாடியில் விளக்கு தெரிந்தால், அதன் காதுத் தண்டை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடிப் பரப்பு கீழே சாய்ந்து பிரதிபலிப்பு நழுவிவிடும்.

பாட்டியை எடுத்தேன், சுருக்கம் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது, அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சுருக்கங்கள் பிடிக்கும். ஆனால் படத்தில் இருப்பவர் விருப்பமே முக்கியம். வழி 1940களிலேயே கண்டறியப்பட்டது. பம்பாயில் பிறந்து ஹாலிவுட் நட்சத்திரமான மெர்ல் ஓபரானின் முகத்தில் கார் விபத்தின் தழும்புகள் இருந்தன. 1944இல் வெளியான ‘தி லாட்ஜர்’ படப்பிடிப்பின்போது ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், லென்ஸை ஒட்டினாற்போல ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். வெளிச்சம் நேராகப் போய்ப் பள்ளங்களை நிரப்பியது; தழும்பு தெரியவில்லை. அந்த விளக்கை இன்றும் ஓபி என்றே அழைக்கிறார்கள். இன்னொரு சிறு டார்ச்சின் முகத்தில் இரண்டு மடிப்பு பட்டர் பேப்பரை ஒட்டி, கைபேசி லென்ஸுக்கு ஒட்டி மேலே வையுங்கள். மேலே உள்ள முதன்மை விளக்கை அணைக்க வேண்டாம். இரண்டையும் எரியவிட்டு, மூக்கின் நிழல் இன்னும் தெரிகிற அளவுக்கு ஓபியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பிரகாசம் அதிகம் என்றால் மூன்றாவது மடிப்பு.