ஓடாமல் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த சர்வீஸ் தேவை, எது வேண்டாம்?

என்னிடம் இருப்பது 2011 போர்ஷே பாக்ஸ்டர். 987 என்று சொல்லும் தலைமுறை, 2.9 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆரில் ஒரு ஓட்டம், மற்ற நாளெல்லாம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் உறக்கம். போன வருடம் மொத்தமாக ஓடியது 1,400 கி.மீ.

சர்வீஸ் தேதி வந்தபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில், "வண்டி ஓடவே இல்லையே சார், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஸ்பார்க் பிளக் முதல் கியர் ஆயில் வரை எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். இரண்டுமே சரியில்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

படி 1: மூன்று பட்டியல் போடுங்கள்

வண்டியோடு வந்த சர்வீஸ் புத்தகத்தை எடுங்கள். பெரும்பாலான வேலைகளுக்குக் கிலோமீட்டர், வருடம் என இரண்டு கணக்கு இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. நம் வண்டிக்கு எப்போதும் வருடம்தான் முதலில் வரும். ஆனால் அதற்காக எல்லாவற்றையும் மாற்ற ஓடாதீர்கள். ஒரு தாளில் இப்படிப் பிரியுங்கள்: நின்றாலும் வயதாகிறவை (பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில், டயர், பேட்டரி, கூலன்ட்). ஓடினால் மட்டும் தேய்பவை (பிரேக் பேட், கிளட்ச்). நிற்பதால்தான் கெடுபவை. இந்த மூன்றாவது பட்டியல் பெரும்பாலும் புத்தகத்தில் இருக்காது, நாமே எழுத வேண்டியதுதான்.

படி 2: வயதாகிறவை

எஞ்சின் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், 1,400 கி.மீ. ஓடியிருந்தாலும் சரி. குறைந்த தூரம் ஓட்டி அணைக்கும்போது எஞ்சினுக்குள் சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் பெற்ற ஆயிலாக வாங்குங்கள். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருக்கும். இதில் நான் பேரம் பேசுவதில்லை.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், சென்னைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; 3.7% அளவுக்கு ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். இந்த ஈரத்தை அளக்க, பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. நானும் வாங்கினேன். ஒரே ஆயிலில் மூன்று முறை வைத்தால் மூன்று வெவ்வேறு விளக்கு காட்டியது. அந்தக் காசை ஆயிலிலேயே போடுங்கள்.

இனி டயர். நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பட்டன் தேயவே இல்லை, கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. "டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று மெக்கானிக்கும் சொன்னார், நானும் நம்பினேன். டயருக்கு வயது உண்டு. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3214 என்றால் 2014-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரம். நான் வெளிப்பக்கம் பார்த்தபோது அந்த நான்கு இலக்கம் இல்லவே இல்லை. அச்சு அழிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் முழு வரிசையை ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுவது வழக்கம். என் வண்டியில் அது உள்பக்கம் இருந்தது. முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு டார்ச் அடித்தால் தெரியும். பின்சக்கரத்துக்கு ஜாக்கி போட்டுக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றினேன். முன்டயர் ஐந்து வயது, பின்டயர் ஒன்பது வயது! எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியில், மழையில், அந்த டயரோடு என் மகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன். போர்ஷே சொல்லும் வரம்பு ஆறு வருடம். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள்.

படி 3: நிற்பதால் கெடுபவை

துணிக்கூரை வண்டி என்றால் மழைநீர் வடியும் துளைகளை அக்டோபருக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். முந்தைய 986 தலைமுறையில் இருக்கைக்கு அடியில் இருந்த எலக்ட்ரானிக் பெட்டி இப்படி நனைந்தே பலருக்குப் போயிருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும், கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் ரப்பரைக் கிழித்துவிடும். முன்பம்பரின் இரு மூலைகளிலும் ரேடியேட்டர் முன் குப்பை சேர்ந்திருக்கும், அதையும் எடுங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான். சிடெக் (CTEK) கம்பெனியுடையது மாதிரி, நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் வாங்குங்கள். பழைய பாணி சார்ஜரை மாட்டிவிட்டு மறப்பது ஆபத்து.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஆயிலில் ஈரத்தைச் சேர்க்கும், பேட்டரியும் நிறையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வந்தால் ஆயில் முழுதாகச் சூடாகும், பிரேக் டிஸ்க்கின் துருவும் கழியும்.

படி 4: விடக்கூடியவை

பேடை அளந்து பாருங்கள், கிளட்ச்சை ஓட்டிப் பாருங்கள், தேயவில்லை என்றால் மாற்றாமல் விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துச் சுத்தமாக இருந்தால் அப்படியே மாட்டலாம். கியர் ஆயில், பிளக் இரண்டுக்கும் எப்போது கடைசியாக மாற்றினார்கள் என்று பழைய பில்லைத் தேடுங்கள். பில் இல்லையென்றால் ஒருமுறை மாற்றி, தேதியை எழுதிவைத்து, அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நான் அப்படித்தான் செய்தேன். எஸ்டிமேட்டில் பாதிக்கும் கீழே முடிந்தது, டயர் தனி.

பின்சேர்க்கை: பேஸ்மென்ட்டில் பிளக் பாயின்ட் இல்லை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் பாக்ஸ்டரில் பேட்டரி முன்பானட்டுக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பானட் மின்சாரத்தில்தான் திறக்கும். கழற்றிவிட்டு அழுத்தி மூடினால் பேட்டரி உள்ளே, நீங்கள் வெளியே. பூட்டு விழாதபடி லேசாகச் சாய்த்து வையுங்கள். ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், சாவியால் கதவைத் திறந்து கால்வைக்கும் இடத்து ஃபியூஸ் பெட்டியில் பாருங்கள்: வெளியே இழுக்கக்கூடிய ஒரு சிவப்பு முனை இருக்கும். வேறொரு பேட்டரியின் பாசிட்டிவை அதில் கொடுத்து, நெகட்டிவைக் கதவுப் பூட்டு மாட்டும் இரும்பில் பிடித்து, பானட்டைத் திறக்கும் பட்டனை அமுக்கினால் பானட் திறக்கும். அலாரம் அலறும், ரிமோட் பட்டனை அமுக்கினால் நின்றுவிடும்.